சுத்தமான துணியோடு வந்தவள்

ஆர்லிஸ் ஹூக்ஸ்ட்ராவுக்குச் சந்தேகம் பிறவிக்குணம் என்று ஊரில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை ஊட்டி வளர்த்தது, அயோவாவின் அந்தச் சின்ன ஊரில் இருந்த சலவை இயந்திரத் தொழிற்சாலை. வரிசையின் கடைசியில் நின்றுகொண்டு, வந்து சேரும் ஒவ்வொரு இயந்திரத்தையும் திருடனைப் பார்ப்பதுபோல் பார்ப்பதுதான் அங்கே அவள் வேலை. ஓடவிட்டுக் காதைக் கொடுப்பாள். ஓர் இரைச்சலோ உரசலோ கேட்டால் போதும், திருப்பி அனுப்பிவிடுவாள். ஒன்றில் குறையே தட்டுப்படவில்லை என்றால் அவளுக்கு ஒருமாதிரியாக இருக்கும். சரியாகப் பார்க்கவில்லையோ என்று மறுபடி ஓடவிடுவாள்.

வேலையிடத்துப் புத்தியை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்பார்கள். ஆர்லிஸ் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். புதிதாக வந்த போதகர் மரியாதைக்காக வீட்டுக்கு வந்தபோது, முந்தைய சபையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டு அவரைக் காப்பிக் கோப்பையோடு திணறவைத்தாள். மெர்ல் கல்யாணத்துக்குக் கேட்டு மோதிரத்தை நீட்டியபோது, அதைக் கவிழ்த்துக் கல்லின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னாள். விதைச்சோளம் விற்றுப் பிழைத்த மெர்லுக்கு எதற்கும் சிரிக்க வரும், யாரோடும் பேச வரும். இன்றுவரை அவளை இன்ஸ்பெக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்.

தொழிற்சாலை மூடியதும் ஊரில் பலர் வேறு பிழைப்புத் தேடிப் போனார்கள். ஆர்லிஸ் பண்ணை ஏலங்களுக்குப் போக ஆரம்பித்தாள். கொட்டகைகளில் எலி குட்டி போட்டுக் கிடக்கும் பழைய சலவை இயந்திரங்களை வாங்கிவந்து, வீட்டின் கீழ்த்தளத்தில் பிரித்துப் போடுவாள். துருவைச் சுரண்டி, பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கல்லாய் இறுகிப்போன ரப்பரை மாற்றி, மறுபடி ஓடவைப்பாள். அதைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். உள்ளே தண்ணீர் புரளும் சத்தத்தைக் கேட்டதும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தக் கண்ணீர்மேல் ஆர்லிஸுக்குத் துளி நம்பிக்கையும் கிடையாது. திங்கட்கிழமை தவறாமல் வெந்நீரில் கை வெந்த அந்த அம்மாக்கள் இந்த இயந்திரங்களை என்ன திட்டுத் திட்டினார்கள் என்பதைக் காதாரக் கேட்டவள் அவள். அழுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு கைக்குட்டையைக்கூட இதில் போட்டு எடுத்ததில்லை.

அவள் மனசு இளகிய இயந்திரம் ஒன்றே ஒன்றுதான். சதுரத் தொட்டி, வெளிர்மஞ்சள் நிறம், தலைப்பகுதியில் துணி பிழிய இரண்டு ரப்பர் உருளைகள். ஊருக்கு மேற்கே பிராண்ட்ஸ்மா பண்ணையில், கிழவர் செத்தபின் நடந்த ஏலத்தில் கொட்டகைச் சாமானோடு சாமானாக அவளுக்குக் கிடைத்தது. சாமானை ஏற்றிவிட்ட மகன், கொளுத்தும் வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, அந்த இயந்திரத்தின் பக்கம் திரும்பாமலே நின்றான். அதுவே அவளுக்கு இடித்தது. வீட்டில் கொண்டுவந்து பிரித்தபோது இன்னும் இடித்தது. உள்ளே பல்சக்கரங்கள் தேயவே இல்லை. ஓடவிட்டால் ஓர் இரைச்சல் கிடையாது. வாழ்நாள் முழுவதும் குறை தேடியவளுக்குக் குறையில்லாத ஒன்று கைக்கு வந்திருந்தது. இவ்வளவு புதிதான ஒன்றை யாராவது கொட்டகையில் போடுவார்களா? ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்றே அவளுக்குப் பட்டது. சொத்தில் சண்டையாக இருக்கும், என்றைக்காவது ஒரு வாரிசு வந்து வாசலில் நிற்கும் என்று எதிர்பார்த்தாள். யார் வந்தாலும் கொடுப்பதில்லை என்றும் முடிவு செய்துகொண்டாள்.

பிரித்தபோது இன்னொன்றையும் பார்த்தாள். பிழியும் உருளைகளுக்கு மேலே ஓர் இரும்புப் பட்டை இருக்கும். கையோ தலைமயிரோ மாட்டிக்கொண்டால் அந்தப் பட்டையை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். உருளைகள் சட்டென்று விலகிவிடும். பிராண்ட்ஸ்மா வீட்டு இயந்திரத்தில் அந்தப் பட்டை அசையாதபடி வேலிக்கம்பியைச் சுற்றிக் குறட்டால் முறுக்கியிருந்தார்கள். தடித்த பண்ணைத் துணி போகும்போதெல்லாம் உருளை தானாக விலகித் தொலைக்கிறதே என்று சில பண்ணைக்காரர்கள் செய்கிற வேலைதான் இது. முட்டாள்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே ஆர்லிஸ் கம்பியை வெட்டிக் கழிவிரும்பில் போட்டாள். அது பழைய இரும்புக்காரன் வண்டியில் போய்விட்டது.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவள் வீட்டில் சலவைக் கூட்டம். பழைய இயந்திரப் பைத்தியங்கள் நெப்ராஸ்காவிலிருந்தும் மின்னசோட்டாவிலிருந்தும் வண்டி போட்டுக்கொண்டு வந்து, ஒருவர் இயந்திரத்தில் இன்னொருவர் துவைத்துப் பார்ப்பார்கள். விருந்தாளி அழுக்குத் துணியோடுதான் வரவேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். நல்ல அழுக்காக வேண்டுமே என்று போட்ட வேலையுடுப்பையே வாரம் முழுக்கப் போட்டுக்கொண்டு வருகிற ஆளும் உண்டு. அந்த மனிதனின் மனைவி தனி வண்டியில் வருவாள்.

அந்தக் கூட்டத்தில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் வந்து நின்றாள். அறுபதைத் தாண்டியவள், சலூனில் சுருட்டிவிட்ட நரைமுடி, கையில் துண்டுகள் அடுக்கிய கூடை. பத்திரிகையில் அறிவிப்பைப் பார்த்து வந்ததாகச் சொன்னாள். ஆர்லிஸ் ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள். கமகமவென்று இருந்தது. நாலாய் மடித்த மடிப்புக் கலையவில்லை. துவைக்கிற இடத்துக்குத் துவைத்த துணியோடு வருகிறவள் துவைக்க வரவில்லை என்பது ஆர்லிஸுக்கு அந்த நிமிஷமே தெளிவாகிவிட்டது.

அதன்பிறகு அவள் கண் அந்தம்மாளை விட்டு நகரவில்லை. மற்றவர்கள் ஒவ்வோர் இயந்திரமாகப் பார்த்து ஆ ஊ என்றபோது, இவள் எதையும் பார்க்காமல் நேரே வெளிர்மஞ்சள் இயந்திரத்திடம் போனாள். குனிந்து அடியில் பார்த்தாள். பக்கவாட்டில் விரலால் எதையோ தடவித் தேடினாள். இது எங்கே கிடைத்தது என்று மெதுவாகக் கேட்டாள். நெப்ராஸ்காவில் வாங்கினேன் என்றாள் ஆர்லிஸ். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். சொன்னபிறகு காது சூடேறியது.

அந்த நேரம் பார்த்துப் படியிறங்கி வந்தார் மெர்ல். வாசலில் அந்தம்மாளோடு பேசி, குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்து முடித்திருந்தார்.

"இன்ஸ்பெக்டரம்மா, இவங்க யார்னு தெரியுதா? பிராண்ட்ஸ்மா வீட்டுப் பொண்ணு, லவோன். இப்ப டெமாயின் சிட்டில இருக்காங்களாம். நம்ம மஞ்ச மிஷினு அவங்க வீட்டுதுதானே, அதான் பாக்க வந்திருக்காங்க."

கட்டிய கணவனைக் கண்ணாலேயே எரித்துவிட முடியுமானால் அன்றைக்கு மெர்ல் சாம்பலாகியிருப்பார். லவோன் மறுபடி இயந்திரத்தின் பக்கமே திரும்பிக்கொண்டாள். நெப்ராஸ்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் ஆர்லிஸுக்கு இன்னும் பயமாக இருந்தது. கேட்காதவள் மனசுக்குள் கணக்குப் போடுகிறாள் என்று நினைத்தாள்.

ஹாம் பன்னும் உருளைக்கிழங்கு சாலட்டும் தயார் என்று மெர்ல் குரல் கொடுத்ததும் கூட்டம் மேலே போனது. லவோன் போகவில்லை. கொஞ்சநேரம் இதைத் தனியாக ஓட்டிப் பார்க்கலாமா என்றாள். தனியாகவா, அது நடக்காது என்று எண்ணிக்கொண்டு, ஆர்லிஸ் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றபடி உருளைகளை ஓடவிட்டாள்.

லவோன் துணி எதையும் எடுக்கவில்லை. கையை ஓங்கி அந்தப் பட்டையைத் தட்டினாள். உருளைகள் விலகின. ஆர்லிஸ் பழையபடி பூட்டிவிட்டாள். இந்தமுறை லவோன் மெதுவாகத் தட்டினாள். விலகின. அடுத்து ஒரே விரலால் தட்டினாள். அதற்கும் விலகின. அந்தம்மாளின் முகம் வெளுத்துவிட்டது.

"ஒரு விரலுக்கே வருது. அப்ப நான் தட்டவே இல்ல" என்றாள்.

ஆர்லிஸுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டாள். லவோன் உட்கார்ந்து, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயசு, தம்பி டுவேனுக்கு ஐந்து. அம்மா வெளியே கொடியில் துணி உலர்த்தப் போகும்போது தம்பியைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் துணியோடு கையையும் கொடுத்துவிட்டான். உருளைகள் முழங்கைக்கு மேல்வரை இழுத்துக்கொண்டன. அம்மா ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கியபின்தான் நின்றது. கை பிழைத்தது, தோல் பிழைக்கவில்லை. இயந்திரம் அன்றைக்கே கொட்டகைக்குப் போனது. ஏன் அது இவ்வளவு புதிதாக இருந்தது என்று ஆர்லிஸுக்கு இப்போது விளங்கியது.

"அன்னிக்குச் சாப்பிடுறப்ப அப்பா சொன்னாரு. பட்டைய ஒரு தட்டுத் தட்டியிருந்தா போதும், மரமா நின்னுட்டாள்னு. ஒரே ஒரு தடவதான் சொன்னாரு. அதுக்கப்பறம் எங்க வீட்ல யாரும் அதப் பத்திப் பேசல. எனக்கு என்னமோ தட்டுன மாதிரியே ஞாபகம். ஆனா தட்டியிருந்தா விட்டிருக்கணும்ல? சின்னப் புள்ள கைக்கு அது அசையாதோ என்னமோன்னு இத்தன வருஷமா ஒரு நப்பாச. அத ஒருதரம் தட்டிப் பாத்துட்டாப் போதும்னுதான் வந்தேன்."

துண்டுக் கூடையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். கொண்டுவர வீட்டில் அழுக்குத்துணி இல்லை, வெறுங்கையோடு வந்தால் உள்ளே விடுவார்களோ இல்லையோ என்று இருந்ததாம்.

இந்த இயந்திரத்தைப் பிடுங்கிக்கொள்ள வந்தவள் என்று நினைத்து, காலையிலிருந்து அவள் பின்னாலேயே காவல் நின்றதை நினைத்து ஆர்லிஸுக்கு வெட்கமாக இருந்தது. இதுவரை அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. விஷயத்தை மட்டும் சொன்னாள். இந்த இயந்திரம் நெப்ராஸ்காவில் வாங்கியதல்ல, உங்கள் பண்ணை ஏலத்தில் எடுத்ததுதான். வந்தபோது அந்தப் பட்டையை வேலிக்கம்பியால் கட்டியிருந்தார்கள். ஒன்பது வயசுப் பெண் இல்லை, ஓர் ஆம்பிளை தட்டியிருந்தாலும் அது அசைந்திருக்காது.

லவோன் அவளையே பார்த்தாள். அந்தப் பார்வை ஆர்லிஸுக்குத் தெரியும். தொழிற்சாலை வரிசையின் கடைசியில் நின்று அவளே பார்த்த பார்வை.

"கம்பி எங்க?"

"இரும்புக்காரன்கிட்டப் போட்டுட்டேன்."

"காலைல நெப்ராஸ்கான்னு சொன்னீங்க. இப்ப கம்பிங்கிறீங்க. என்னப் பாக்கப் பாவமா இருக்குன்னு சமாதானத்துக்குச் சொல்றீங்களா?"

ஆதாரமில்லாமல் யார் எதைச் சொன்னாலும் நம்பாத பெண்பிள்ளை ஆர்லிஸ். இப்போது தன் வாய்வார்த்தையைத் தவிர அவளிடம் வேறெதுவும் இல்லை. கடைசியில், உங்கள் தம்பியைக் கேளுங்களேன் என்றாள்.

அவனிடம் இதைக் கேட்டதே இல்லை என்றாள் லவோன். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒரே மேஜையில் உட்கார்ந்து, மழையைப் பற்றியும் சோள விலையைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். ஆனாலும் கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தாள். காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தத்தை முழுசாக வைத்திருந்தாள். டுவேன் பேசியது ஆர்லிஸுக்கும் கேட்டது. அவன் டிராக்டரில் இருந்தான்.

"என்ன வோனி, இந்நேரத்துல? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. டுவேன், அந்த மிஷின்ல உன் கை மாட்டுச்சே, அப்ப நான் பட்டையத் தட்டுனேனா?"

டிராக்டர் சத்தம் நின்றது.

"தட்டுன. ரெண்டு கையாலயும் தட்டுன. கை வலிச்சப்பறம் தலையால முட்டுன. நெத்தி பொடச்சுப் போச்சு உனக்கு. அது கம்பி போட்டுக் கட்டியிருந்துச்சு வோனி, எப்படி விடும்?"

"கட்டியிருந்தது உனக்குத் தெரியுமா?"

"அப்பா கட்டுறப்ப குறடு எடுத்துக் குடுத்ததே நான்தான்."

"ஏன்டா என்கிட்டச் சொல்லல?"

"நீ தட்டுனது உனக்குத் தெரியாதுன்னு எனக்கெப்படித் தெரியும்? அப்பா முன்னாடி அந்தப் பேச்ச எடுக்க முடியுமா? அப்படியே போயிருச்சு." வெட்ட வேண்டிய புல் இன்னும் கிடக்கிறது, ராத்திரி கூப்பிடுகிறேன் என்றான்.

லவோன் தொலைபேசியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். மேலே யாரோ எதற்கோ சிரித்தார்கள். ஆர்லிஸ் உருளைகளை நிறுத்தினாள். யாருக்கும் கொடுப்பதில்லை என்று வைத்திருந்ததை, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள். மெர்ல் வண்டியில் ஏற்றித் தருவார் என்றும் சொன்னாள்.

"எனக்கெதுக்கு இந்தச் சனியன்" என்றாள் லவோன்.

ஆர்லிஸ் அவள் தோளில் கை வைத்தாள்.

"அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, கடைசியா, நான் மட்டுந்தான் கூட இருந்தேன்" என்றாள் லவோன். "அவர் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னேன். அப்பா, அன்னிக்கு நான் தட்டாம நின்னுட்டேன், என்ன மன்னிச்சிருங்கன்னு. அவரு என்னையே பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. பாத்துட்டு, சரிம்மா, மன்னிச்சிட்டேன்னாரு."