ஆணியில் ஒரு குடை

“வணக்கம், மருத்துவமனைங்க. எந்தப் பிரிவு வேணும்? எலும்பு டாக்டரா, இதோ தர்றேன். அங்க வெயில் அடிக்குதுங்களா?”

மறுமுனையின் பதிலுக்குத் தலையசைத்துவிட்டு இணைப்பைக் கொடுக்கிறார் தொலைபேசி அம்மாள். பிறகு, நாற்காலிக் கையில் மாட்டியிருந்த கறுப்புக் குடையை எடுத்துச் சுவரிலுள்ள ஆணியில் தொங்கவிடுகிறார். அடுத்து அழைப்பவர் தூறல் என்று சொன்னால், குடை மீண்டும் நாற்காலிக்கு இறங்கிவரும்.

மருத்துவமனையின் தொலைபேசி அறை நிலத்தடியில் இருக்கிறது. ஒரு காலத்தில் எக்ஸ்ரே படங்களை அடுக்கிவைத்திருந்த அறை. படங்களுக்குச் சன்னல் எதற்கென்று வைக்காமலே கட்டிவிட்டார்கள். படங்கள் போய் இந்த அம்மாள் வந்த பிறகும் சுவர் அப்படியே நிற்கிறது. எதிரே, முழங்கால் பயிற்சிக்குக் காத்திருப்போருக்கான பெஞ்சு. அடைசல் தாளாமல் அவர் கதவைத் திறந்தே வைத்திருப்பதால், என் முழங்காலின் தயவில் அவரை நன்றாகவே கவனித்திருக்கிறேன்.

ஐம்பதை நெருங்கும் வயது. ஏசியின் குளிர்காற்று நேராகப் பிடரியில் ஊதுவதால், கோடையிலும் கழுத்தில் கம்பளித் துண்டு. தலைக்கு மேல் குழல்விளக்கு ஓயாமல் சிமிட்டும். அந்தப் பக்கத்துக் கண்ணை மட்டும் சுருக்கிக்கொண்டே பேசுவார். மேசையில் ஒரு மணிபிளான்ட் தொட்டி. அதேபோல் இன்னொரு தொட்டி மாடிப்படிச் சன்னலில் இருக்கிறது. அவ்வப்போது இரண்டையும் இடம் மாற்றுவார்.

“இவன் வெளுத்துட்டாம்மா. லீவுல அனுப்புறேன்” என்றார் ஒருநாள்.

“உங்களுக்கு எப்போ லீவு?”

“நான் எங்கம்மா வெளுத்தேன்? தூக்கந்தான் வரமாட்டேங்குது. ராத்திரி படுத்தா, ‘பொழுது இன்னும் சாயலையே’ன்னு உடம்பு சண்டைக்கு வருது.”

மேல்தளத்தில், வரவேற்பறையை ஒட்டி ஓர் அறை காலியாகக் கிடக்கிறது. அதைக் கேட்கப் போனவரிடம் நிர்வாக அதிகாரி, “உங்களுக்குக் காதுக்குத்தானேம்மா வேலை? கண்ணுக்கு எதுக்கு ஜன்னல்?” என்றாராம். அதிகாரியைப் போலவே மூக்கை உறிஞ்சி அவர் அதை நடித்துக்காட்டியபோது என்னால் சிரிப்பை அடக்க இயலவில்லை.

இளம் செவிலியர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘வானிலை அக்கா’.

“அக்கா, விடுதியில துணி காயப் போட்டிருக்கேன். காயுமா?”

“காயும்டி. ஆனா மத்தியானத்துக்குள்ள எடுத்துடு. மேற்கால இருந்து பேசினவரு, இருட்டிக்கிட்டு வருதுங்கறாரு.”

அவசரப் பிரிவைக் கேட்பவர்களிடம் அவர் வானத்தைப் பற்றி மூச்சு விடமாட்டார். வேறு பிரிவைக் கேட்பவரின் குரலில் நடுக்கம் தெரிந்தாலும் அப்படியே. ஆனால் ஒருநாள், நிதானமான குரலில் குழந்தைகள் பிரிவைக் கேட்ட ஒருவரிடம், “அங்க மழைங்களா?” என்று கேட்டுவிட்டார். அந்த மனிதரின் மடியில் காய்ச்சலில் துவண்ட குழந்தை கிடந்திருக்கிறது. புகார் மேலே போயிற்று. இன்னொரு முறை கேட்டால் வேலை போய்விடும் என்று அதிகாரி சொல்லி அனுப்பினார்.

“அவர் கோவப்பட்டது நியாயந்தாம்மா. குரலை வச்சே ஆளைச் சொல்லிடுவேன்னு மண்டையில ஒரு கனம் எனக்கு” என்றார் என்னிடம்.

அதன்பின் நான் போன நாள்களில் எல்லாம் குடை ஆணியிலேயே தொங்கியது. துணி காயுமா என்று கேட்ட பெண்ணுக்கு, “மேல போய்ப் பார்த்துக்கடி” என்ற பதில்தான் கிடைத்தது. அழைப்புகளுக்கிடையே இரு கண்களையும் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “மணி பன்னிரண்டுன்னு கடியாரம் சொல்லுது. நம்பித்தானேம்மா ஆகணும்?” என்றார்.

நேற்று பெஞ்சில் என் முறைக்காகக் காத்திருந்தேன். தொலைபேசி மணி அடித்தது.

“வணக்கம், மருத்துவமனைங்க. எந்தப் பிரிவு வேணும்? சர்க்கரைப் பிரிவா? இருங்க, தர்றேன்.”

பொத்தானை நோக்கிப் போன விரல் பாதியில் நின்றது. மறுமுனையில், கேட்காமலேயே யாரோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் வானத்தைப் பற்றி எதுவும் விசாரிக்கவில்லை. காதுக்குழலை மட்டும் இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“சரிங்க” என்று இணைப்பைக் கொடுத்தார். பிறகு எழுந்து, ஆணியிலிருந்த குடையை எடுத்து நாற்காலிக் கையில் மாட்டிக்கொண்டார்.