செம்புக்கு என்ன கிடைத்தது?

இந்தத் தீவில், எங்கள் டெலானிபூர் குவார்ட்டர்ஸில், காலையில் நான் தமிழில் கேட்பேன். என் மகள் மல்லிகா இந்தியில் பதில் சொல்வாள். நானும் அதைக் கவனிக்காமல் தோசையைத் திருப்பிப் போடுவேன். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். பக்கத்து வீடு வங்காளி, எதிர்வீடு தெலுங்கு, மீன் கொண்டுவருபவர் மலையாளி; எல்லாருக்கும் பொது இந்திதான். என் கணவருக்குத்தான் அது பொறுக்கவில்லை. துறைமுக ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிடுவார்.

"அஞ்சாம் வகுப்பு முடிஞ்சிட்டு. இனியும் இங்க வச்சிருந்தா இவ நம்ம பிள்ளையா இருக்க மாட்டா. பாளையங்கோட்டைக்கு, எங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிருவோம். தமிழ்ல படிக்கட்டும்."

எனக்கு அனுப்பவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் தைரியமில்லை. அந்தக் குழப்பத்தோடுதான் ஒருநாள், நான் டீச்சராக இருந்த பெண்கள் பள்ளியில் வேதியியல் பாடம் எடுத்தேன். செம்புக் கம்பிச் சுருளைப் பழுக்கக் காய்ச்சி, அடியில் ஸ்பிரிட் இருந்த குடுவைக்குள் தொங்கவிட்டேன். சாராய ஆவி செம்பின் மேல் பட்டு வேறு பொருளானது; மூக்கைத் துளைக்கும் வாசம் வந்தது. உலோகத்தின் மேல்பரப்பு மூலக்கூறைச் சற்று ஒட்டவைத்து, இன்னதாக ஆகு என்று திருப்பிவிட்டுத் தான் பழையபடியே இருந்துகொள்கிறது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். பக்கத்து வீட்டு சபிதாவும் அந்த வகுப்பில்தான் படித்தாள். எழுந்து நின்றாள்.

"தாம்பே கோ க்யா மிலா, மிஸ்?"

செம்புக்கு என்ன கிடைத்தது என்கிறாள். "குச் நஹீ," ஒன்றுமில்லை என்றேன். வகுப்பே சிரித்தது. நான் விளக்க விளக்க, மிஸ் செம்புக்காகப் பரிதாபப்படுகிறார் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

பாளையங்கோட்டையில் நான் படித்தபோது பேராசிரியர் ஒன்று சொன்னார். அசெட்டிலீனோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால், நிக்கல் அதைக் கடைசிவரை இழுத்துப்போய் ஈத்தேனாக்கிவிடும். காரீயம் சேர்த்து வேகத்தைத் தணித்த பல்லேடியமோ பாதிவழியில் எத்திலீனாக நிறுத்திவிடும். தொடங்கும் பொருள் ஒன்றே. எதன்மேல் உட்கார்ந்து எழுந்தது என்பதைப் பொறுத்து முடிவு மாறும். அன்று மார்க்குக்காக உருப்போட்டேன். இப்போது அடுப்படியில் நின்று நினைத்தால் தலை சுற்றுகிறது. இந்தத் தீவு மல்லிகாவைக் கடைசிவரை மாற்றிவிடுமா, பாதியில் விடுமா? பாதியில் நிற்பது குறையா, அதுதான் பக்குவமா? பெற்ற பிள்ளை என்ன மூலக்கூறா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கடைசியில் அனுப்பிவிட்டோம். பஜாரில் கடை வைத்திருந்த காதர் பாய் குடும்பம் மெட்ராஸுக்குக் கப்பலேறியது; அவர்களோடு போனாள். அவள் அழவில்லை. நான்தான் கப்பல்துறையில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.

அடுத்த பெரிய லீவுக்கு வந்தாள். வாயைத் திறந்தால் அச்சு அசல் நெல்லைத் தமிழ். என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. காப்பி குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவைத்தாள். பிறகு பானையருகே போய்த் தயங்கி நின்றாள்.

"அம்மா, கொஞ்சம் தண்ணி எடுத்துக்கிடட்டுமா?"

 பெரியப்பா வீட்டில் எத்தனை நாள் இப்படி நின்று கேட்டாளோ. நானே அவசரமாக டம்ளரை எடுத்து மொண்டேன்.

"ஏட்டி, உன் வீட்டுல எதுக்குட்டி கேக்க?"

அதற்குள் வெளியே சபிதாவின் குரல் கேட்டது. "ஆயீ, தீதி!" இதோ வந்துட்டேன் அக்கா என்று இந்தியில் கத்திக்கொண்டு, யாரையும் கேட்காமல், செருப்புகூடப் போடாமல் மல்லிகா எங்கள் வீடு இருந்த மேட்டிலிருந்து இறங்கி ஓடினாள். தண்ணீர் டம்ளரோடு நான் வாசலில் நின்றேன்.