மருந்தடித்த இலையை மென்றாள்

தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால், சரிவில், நானும் என் மனைவியும் கொஞ்சம் முட்டைக்கோஸ் போட்டிருந்தோம். அந்த வருஷம் பச்சைப் புழு விழுந்து இலையெல்லாம் சல்லடையாகிப் போனது. பூச்சிமருந்து என்றாலே எனக்கு ஆகாது. பக்கத்து ஊரான திரிங்காப்பில் மருந்தடிக்கப் போன என் அண்ணன் வாயில் நுரை தள்ளி என் மடியில் சாய்ந்ததைப் பார்த்தவன் நான். பிழைத்துவிட்டார். கை நடுக்கம் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

அதனால், ஃபேக்டரி வேலை முடிந்து வந்தபோது மனைவி முதுகில் மருந்து பம்போடு நின்றதைப் பார்த்ததும் பகீரென்றது.

“என்ன மருந்து அது?”

“கிருமி மருந்துலா. மண்ணுல இருக்கிற ஒரு கிருமியோட புரதமாம். புழு வயித்துல மட்டுந்தான் வேலை செய்யுமாம், கடைக்காரரு சொன்னாரு.”

“திங்கிற கோஸ்ல கிருமியைத் தெளிக்கிறியா?”

அவள் ஈரம் சொட்டிய இலையொன்றைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள்.

 அவள் தாடையைப் பிடித்து, “துப்புடி, துப்பு!” என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். அதற்குள் விழுங்கிவிட்டாள். அவள் எப்போது விழுவாளோ என்று பின்னாலேயே அலைந்தேன். அவளோ சமைத்தாள், துணி அலசினாள், “நீங்க சாப்பிடலியா?” என்றாள்.

புழுக்களும் உயிரோடுதான் இருந்தன. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால், ஒன்றுகூட இலையைக் கடிக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கறுத்துத் தொங்கின. தொட்டேன், விரலில் கூழாக உடைந்தது. அந்தப் புரதம் குடலைப் பொத்தலாக்கிவிடுமாம். அதே இலைதான் அவள் வயிற்றுக்குள்ளும் போயிருந்தது. மறுபடியும் ஓடிப்போய் அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோஸ் நன்றாகத் திரண்டது. அடுத்தடுத்த நடவுகளுக்கும் அதையே அடித்தோம், வேறெதையும் தொடவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் போனால், மருந்தடித்த இலையில் புழுக்கள் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தன. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

“மருந்து கெட்டுப்போச்சா?”

“இல்லைங்க. சாகாம தப்பிச்ச புழுவோட வம்சமாம் இது. ஒரே மருந்தையே அடிச்சா இப்படித்தானாம். லெம்பா பெர்த்தாம் பக்கத்துத் தோட்டங்கள்லயும் இதே கதைதான்” என்றாள். அவள் குரலே இறங்கியிருந்தது.

செடிகளைப் பிடுங்கக் குனிந்தோம். அந்தப் புழுக்கள் வளர்ந்து உருமாறிய சாம்பல் நிற அந்துப்பூச்சிகள் குப்பென்று கிளம்பி முகத்தில் மோதின. அந்தப் பாத்தியில், இந்தப் புழு தொடாத வெங்காயத்தாள் நட்டோம்.