வேணாம் என்ற அத்தை

சிரித்த முகத்தோடு எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வருகிற எவரையும் அப்பா நம்ப மாட்டார். சண்டைக் காலம் வேறு. தெரணியகலைக்கு மேலே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் புது ஆள் யாராவது நின்று பேர் கேட்டாலே கதவுகள் சாத்திக்கொள்ளும். அப்படியிருக்க, வெள்ளை அங்கி போட்ட சிங்களப் பாதர் ஒருவர் வீடு வீடாக வந்து, தட்டுத்தடுமாறித் தமிழ் பேசி, என்னைப் போன்ற பொடிசுகளைக்கூட "நீங்க" என்றால் சும்மா விடுவார்களா? கிறிஸ்தவ வேதத்துக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறார் என்றாள் அம்மா. அப்பா அதற்கும் மேலே போய், பொலிசுக்குத் தகவல் கொடுக்கிறவர் என்றார். எனக்கு இரண்டுமே சரியாகத்தான் பட்டது.

எங்கள் வீட்டில் அவர் பார்வை அத்தைமேல் விழுந்தது. அத்தை அப்பாவின் தங்கை. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. தண்ணீர், விறகு, தம்பியைத் தூக்கி வைத்திருப்பது எல்லாம் அவள்தான். முதுகைத் தட்டிக் குடத்தைக் காட்டினால் போதும், கிளம்பிவிடுவாள். தங்கமான பிள்ளை என்று லயமே சொல்லும்.

ஒரு நாள் பாதர் விஷயத்துக்கு வந்தார். இரத்தினபுரியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இடம் ஒன்று இருக்கிறதாம், கையால் பேசவும் தைக்கவும் சொல்லிக்கொடுப்பார்களாம், காசு வேண்டாமாம். காசு வேண்டாம் என்றதும் அப்பாவின் முகம் இறுகிவிட்டது. தங்கையை மடத்தில் தள்ளிவிட்டான் என்று ஊர் பேசாதா? யோசித்துச் சொல்வதாக மழுப்பினார்.

"அவங்களக் கேட்டீங்களா?" என்றார் பாதர்.

"அது ஊமைங்க. அதுகிட்ட என்னத்தக் கேக்குறது?" என்றார் அப்பா.

பாதர் அத்தைக்கு முன்னால் குந்தினார். ஊசியில் நூல் கோத்துக் காட்டினார், மலைக்கு அப்பால் கையை நீட்டினார், பஸ் ஓட்டிக் காட்டினார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு இரண்டு கைகளையும் விரித்து, வர்றீங்களா என்பதுபோல் அவள் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார். அவள் எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள். மெதுவாகத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள்.

"சரி. அவங்களுக்கு விருப்பம் இல்ல" என்று எழுந்த பாதர், அவளைக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மல்லுக்கட்டுவார் என்று தயாராக நின்ற அப்பாவுக்கு இதுதான் பெரிய சந்தேகமாகப் போயிற்று. ஆள் கேட்டு வந்தவன் இவ்வளவு லேசில் விடுவானா?

அத்தையோ அன்று முழுக்கத் தன்பாட்டில் சிரித்துக்கொண்டிருந்தாள். மருந்து வைத்துவிட்டான் பாவி என்று அம்மா அவளைக் கோயில் பூசாரியிடம் இழுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னால் ஓடினேன். கறுப்புக் கயிறு கட்டுவதற்காகப் பூசாரி கையைப் பிடித்தார். அத்தை வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, முன்பு போலவே தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவிடம் முறையிட்டாள். "பாத்தீங்களா, வேணாங்குது. இத்தன வருசத்துல ஒரு நாளாவது வேணாம்னு சொல்லியிருக்கா இது?"

அப்பா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அதற்கு முன் அவளை நாங்கள் யாராவது எதையாவது கேட்டிருக்கிறோமா என்று யோசிக்க எனக்கும் தோன்றவில்லை. பயம்தான் வந்தது. எப்போதும் அத்தையின் பாயில் படுக்கிற நான், அன்று அம்மாவின் பாயில் போய் ஒட்டிக்கொண்டேன்.