புத்தகத்தில் இல்லாத மாவட்டம்

திருப்பூர் தனி மாவட்டமான 2009-இல், நெருப்பெரிச்சல் என்ற ஊரை ஒட்டிய ஒரு நடுநிலைப்பள்ளியில் நான் சமூக அறிவியல் டீச்சர். ஜூனில் வந்த புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். வரைபடத்தில் நாங்கள் இன்னமும் கோயமுத்தூரில்தான் இருந்தோம். எங்களோடு சேர்ந்துவிட்ட ஊத்துக்குளி ஈரோட்டில் இருந்தது. அச்சாகும்போது செய்தி எட்டியிருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அப்படி விடவில்லை. நம்ம மாவட்டம் எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். என்னிடமும் புது வரைபடம் இல்லை. செய்தித்தாளில் வந்த ஊர்ப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, எந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். அன்றைய வகுப்பை நகர்த்துவதற்காகச் சொன்னதுதான். யாரும் செய்வார்கள் என்று நினைக்கவில்லை.

ஒருத்தி செய்தாள். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மாவும் அப்பாவும் பனியன் கம்பெனியில் வேலை. அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் ஒரு வீட்டுக்குத் தாராபுரம் சொந்த ஊர், இன்னொரு வீட்டுக்காரர் உடுமலைக்கு டெம்போ ஓட்டுபவர். பஸ்ஸில் எத்தனை மணி நேரம், காலையில் கிளம்பினால் வெயில் முகத்தில் அடிக்குமா இடது பக்கம் அடிக்குமா என்றெல்லாம் விசாரித்து, பனியன் பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் மாவட்டத்தையே வரைந்துகொண்டு வந்துவிட்டாள். காங்கேயம் மட்டும் கொஞ்சம் வடக்கே ஏறியிருந்தது. அதை வகுப்புச் சுவரில் மாட்டினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

காலாண்டுத் தேர்வில், நீ வாழும் மாவட்டத்தை வரைபடத்தில் குறி என்று ஒரு கேள்வி. மற்ற பிள்ளைகள் அச்சிலிருந்த கோயமுத்தூருக்கு வண்ணம் தீட்டிவிட்டார்கள். அவள் மட்டும் கோயமுத்தூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் தானாக ஓர் எல்லைக்கோடு போட்டுத் திருப்பூர் என்று எழுதியிருந்தாள். விடைத்தாள்களைப் பக்கத்துப் பள்ளியோடு மாற்றித் திருத்துவது எங்கள் வழக்கம். திரும்பி வந்த தாளில் அந்தக் கோட்டின் மேலேயே சிவப்பு மையால் ஒரு பூஜ்யம் இருந்தது.

அன்று சாயங்காலமே அந்தப் பள்ளிக்குப் போனேன். திருத்தியவர் என்னைவிட மூத்தவர், மரியாதையானவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"விடைக்குறிப்புல கோயமுத்தூர்னுதானுங்க போட்டிருக்குது. நானா மாத்துனா நாளைக்கு நான்தானுங்க பதில் சொல்லோணும்."

"இப்ப நீங்க உக்காந்திருக்கறது எந்த மாவட்டமுங்க சார்?"

"அது வேறங்க டீச்சர்," என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கல்வி அலுவலகத்துக்குப் போனேன். வாசல் பலகையில் திருப்பூர் மாவட்டம் என்று புதிதாக எழுதியிருந்தார்கள். அதைக் கடந்து உள்ளே போனால், புதுப் புத்தகம் வருகிறவரைக்கும் பழைய புத்தகத்தில் இருப்பதுதான் விடை என்றார் அதிகாரி. எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். பதில் இல்லை. மறுபடி இரண்டு தடவை போய் நின்றேன். மூன்றாவது தடவை, ஒரு பிள்ளையின் ஐந்து மார்க்குக்கா இத்தனை நடை என்று அலுவலகத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சரிசெய்து தருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். முடியவில்லை என்று சொன்னபோது அவள் அழவில்லை. அடுத்த பரீட்சையில் எதை எழுத வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

"உனக்குத் தெரிஞ்சத எழுது கண்ணு," என்றேன். நான் சொல்லிவிட்டுப் போய்விடலாம். பூஜ்யம் வாங்கப் போகிறவள் அவள்.

அரையாண்டிலும் அதே கேள்வி வந்தது. கோட்டுக்கு வெளியே ஒரு துளிகூடப் போகாமல் கோயமுத்தூருக்குப் பச்சை வண்ணம் தீட்டியிருந்தாள். ஐந்துக்கு ஐந்து. தாளைக் கொடுக்கும்போது ஏன் என்று கேட்டேன்.

"மார்க்கு கொறஞ்சதுக்கு அம்மா ஏசிச்சு டீச்சர். அதான் புஸ்தகத்துல உள்ளதயே எழுதிட்டேன்."

அந்த அரை வருடத்தில் நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான் என்று தோன்றியது. அதற்குப் பிறகு வரலாற்றுப் பாடத்தில், இந்த ராஜா ஏன் படையெடுத்தான், உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று நான் கேட்டால், முன்பெல்லாம் முதலில் எழுந்திருப்பவள், குனிந்து புத்தகத்தில் வரியைத் தேடிக்கொண்டிருப்பாள்.

திருப்பூர் இருக்கிற புத்தகம் என் கைக்கு வந்தபோது அவள் எட்டாவது முடித்து வேறு பள்ளிக்குப் போயிருந்தாள். புது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பக்கத்தைத் திருப்பினார்கள்.