எதிரில் உட்காராதவர்

பேய் சீரியல் எதைப் பார்த்தாலும் எனக்கு அந்த மதுரைக்கார லேத் ஆபரேட்டர் நினைவுதான். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் என் பக்கத்து வீட்டுக்காரர். ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை. பெங்களூர் டிவியில் வந்த கன்னடப் பேய் சீரியல் முழுவதையும் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். முதல் ஷிப்ட் முடிந்து வந்தால் தினமும் ஒரு பகுதி பார்ப்பார். எல்லாம் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஆனால் டிவிக்கு நேரே உட்கார மாட்டார். கதவோரம்தான்.

"ஏண்ணே அங்க உக்கார்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்தப் பேய் வரும்போதெல்லாம் 'ஹெதரபேடா'ங்குதுல்ல? ஹெதரன்னா எதிர, பேடான்னா வேணாம். எதிர உக்கார வேணாம்னு அதுவே சொல்லும்போது நமக்கு எதுக்கு வம்பு?"

கர்நாடக எல்லையோரத் தளியில் கன்னடம் கேட்டு வளர்ந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பயப்படாதேன்னு சொல்லுதுண்ணே."

அவர் சிரிக்கவில்லை.

"இம்புட்டு நாளா ஆறுதலாவா சொல்லிக்கிட்டு இருந்துச்சு? பாவம்யா."

ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு முதல் கேசட்டைப் போட்டார். நாற்காலியை டிவிக்கு எதிரே இழுத்துக்கொண்டார். திரையில் வெள்ளைப் புடவை தெரிந்ததும், வீடு தேடி வந்த உறவுக்காரியிடம் சொல்வதுபோல், "வாம்மா" என்றார்.