மகன் பேரில் நான் செய்த பதினான்கு நாள்

அன்றைக்குக் கடையில் இருந்தது ஐந்து பேர். முதலாளி, பில் போடும் பெண், மூட்டை இறக்க வந்த லொறிக்காரர், என் மகன், நான். ஆறாவது ஆள் கிடையாது. என் கூலியைப் பற்றி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று முதலாளி பிறகு சொல்லித் திரிந்ததால் எண்ணி எழுதுகிறேன்.

மகனுக்கு முப்பத்தொரு வயது. இல்லாத குரல்கள் காதில் கேட்கும் மனநோய். மாதம் ஒரு ஊசி போட்டால் அடங்கியிருக்கும். ஆனால் போட்ட பிறகு இரண்டு நாள் எழுந்து நிற்கவே முடியாது. கண்டி டவுனில் ஒரு மொத்தக் கடையில் பருப்பும் செத்தல் மிளகாயும் நிறுத்துப் பக்கட் போடும் வேலை. மூன்று வேலை போய் நான்காவதாகக் கிடைத்தது. முதல் நாளே அவனுக்கு இந்த நோய் இருப்பதை ஒளிக்காமல் சொன்னேன். "நம்ம பிள்ளதானே அக்கா" என்றார் முதலாளி.

எனக்குப் பயம் விடாது. பஸ்ஸில் யாராவது வம்புக்கு இழுப்பார்களோ, கடை ரேடியோவைச் சத்தமாக வைப்பார்களோ, சாக்கு வெட்டும் கத்தி யார் கையில் இருக்கிறதோ. எல்லாவற்றுக்கும் மேல், மாதம் இரண்டு நாள் வராதவனை நிறுத்திவிடுவார்களே என்ற பயம். ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனவள் நான், தெரிந்ததைச் செய்தேன். ஹந்தானைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தி காய்ச்சலில் படுத்தால், வீட்டில் இன்னொருத்தி அவள் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவாள். படுத்தவளுக்கே பேர் விழும். அன்றைய கூலி அவள் கணக்கில் ஏறும். அதே மாதிரி ஏழு மாதம், மாதம் இரண்டு நாள், மகனுக்குப் பதில் நான் போய்ப் பக்கட் போட்டேன். முதலாளி ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மகன் சம்பளத்தில் அந்த இரண்டு நாள் மட்டும் குறையும். "பொறகு சேத்துத் தாரேன்" என்பார்.

அன்றைக்கு அந்தக் காசை முதலாளியிடம் கேட்டேவிட்டேன்.

"அது ஒங்க மகன் வராத நாளு. நீங்க ஒங்க இஷ்டத்துக்கு வந்தீங்க. நான் கூப்பிட்டேனா?"

லொறிக்காரர் சிரித்தார். "சும்மா வேல செஞ்சிட்டுப் போற ஆளு எனக்கும் ஒன்னு பாத்துக் குடுங்க மொதலாளி."

முதலாளிக்கும் சிரிப்பு. "மெய்தான். அக்கா, பொடியன விட ஒங்க கை வேகம். நீங்களே நின்னுக்கங்க. அவன் வீட்டுல கெடக்கட்டும், பாவம்."

மகன் மூன்றடி தூரத்தில் மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தான். அவன் கை நின்றது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நீங்களும் லயத்துல பொறந்தவருதானே! ஒங்கம்மா படுத்தப்ப யாரு மலைக்குப் போனா? அன்னைக்கு ஒங்கம்மாவ வேலைய விட்டு நிறுத்தினாங்களா?"

பில் போடும் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கத்தும்போதே, அவன் வேலை போச்சு என்ற பயம். அதைவிட என் மேலேயே ஆத்திரம். அவன் வேலையைக் காப்பாற்றப் போய், அவன் இடத்தில் வேறு ஆள் போதும் என்று காட்டிக்கொடுத்தவள் நான்தானே.

மகன் பக்கட்டைக் கட்டி வைத்துவிட்டு வந்தான்.

"அம்மா இனி வர மாட்டாங்க மொதலாளி. ஊசி போட்டா எனக்கு ரெண்டு நாள் லீவு, சம்பளம் வேணாம். மத்த நாளு நான்தான் போடுவேன். பிந்தினாலும் நிறுவை பிசகாது. அம்மா செஞ்ச நாளுக்கு அம்மாவுக்குக் குடுத்துருங்க."

நிறுவை பிசகாது என்பது முதலாளிக்கும் தெரியும். ஒரு பக்கட்கூடத் திரும்பி வந்ததில்லை.

"சரி சரி, போய் வேலையப் பாரு. காசு பொறகு பாப்போம்."

இன்றும் அவன் அங்கேதான் வேலை செய்கிறான். நான் அந்த வாசலை மிதிப்பதில்லை. ஒரு நாள் கூலி ஆயிரத்து இருநூறு. பதினான்கு நாளுக்குப் பதினாறாயிரத்து எண்ணூறு ரூபாய். ஒரு சதம் வரவில்லை.